கடன் நிறுவனத்தில் டிரெய்னி வேலை: விண்ணப்பக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் எழுதுவது?

அரசலாறு:
வணக்கம். கும்பகோணம் பக்கம் ஊர். 2024ல் பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷம் வங்கித் தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. இப்போது சென்னையில் தலைமையகம் உள்ள ஒரு வங்கி சாரா நிதி நிறுவனத்தில் கிரெடிட் டிரெய்னி (கடன் மதிப்பீட்டுப் பயிற்சியாளர்) வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறேன். ஞாயிறு கடைசி நாள். ஆங்கிலத்தில் நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 250 வார்த்தைக்குள் பதில்:

1. கடன் துறை ஏன், எங்கள் நிறுவனம் ஏன்?
2. பொறுப்பு எடுத்து ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பம்.
3. உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறுதொழில்காரர் 3 லட்சம் கடன் கேட்டால் எதையெல்லாம் பார்ப்பீர்கள்?
4. எதிர்பார்க்கும் சம்பளம். படிப்பில் இடைவெளி இருந்தால் விளக்கவும்.

முதல் கேள்விக்கு எழுதியது இது: "சிறு வயது முதலே எனக்கு நிதித்துறையில் ஆர்வம் உண்டு. உங்கள் வங்கி நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. கடின உழைப்பும் குழு மனப்பான்மையும் என் பலம். உங்களிடம் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்."

வீட்டில் 3 ஏக்கர் சம்பா. கல்லூரியில் துறை மன்றப் பொருளாளராக இருந்தேன். டேலி (கணக்கு மென்பொருள்) தெரியும். இதையெல்லாம் எங்கே, எப்படிச் சேர்ப்பது? அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

வெண்ணாறு:
தம்பி, முதலில் "உங்கள் வங்கி" என்பதை எடுங்க. அந்த ஒரு சொல்லிலேயே விண்ணப்பம் கழிந்துவிடும். வங்கி சாரா நிதி நிறுவனம் சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் தொடங்க முடியாது, வங்கி மாதிரி வாடிக்கையாளருக்குத் தன் காசோலை கொடுக்க முடியாது. சிலவற்றுக்கு மட்டும்தான் நிரந்தர வைப்பு வாங்க அனுமதி. அதற்கும் வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிடையாது. பெரும்பாலும் வங்கிகளிடம் கடன் வாங்கியும் கடன் பத்திரம் வெளியிட்டும்தான் பணம் திரட்டுகிறது. பணம் திரட்டும் செலவே அதிகம், அதனால் வாங்கும் வட்டியும் அதிகம். வங்கி தயங்கும் ஆளிடம் போய், அவர் தொழிலை நேரில் பார்த்து, கடன் கொடுத்து வசூலிப்பதுதான் அதன் பிழைப்பு. கிரெடிட் டிரெய்னிக்கு இது புரிந்திருக்கிறதா என்பதைத்தான் முதல் கேள்வி சோதிக்கிறது.

மற்ற வரிகளையும் பாருங்க. "சிறு வயது முதலே" என்பதை யாரும் நம்பப்போவதில்லை. "முன்னணி நிறுவனம்" என்பதை எந்தக் கம்பெனிப் பேரோடும் ஒட்டலாம். கடைசி வரி உங்களுக்கு என்ன லாபம் என்று சொல்கிறது. அவங்களுக்கு என்ன என்று சொல்லவில்லை.

நிறுவனத்தைப் பற்றி எழுத ஒரு மணி நேரம் படித்தால் போதும். பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் காலாண்டு முதலீட்டாளர் அறிக்கை அதன் தளத்திலேயே இருக்கும். பட்டியலாகவில்லை என்றால் கிரிசில், இக்ரா, கேர் என்ற தரமதிப்பீட்டு நிறுவனங்களின் தளங்களில் அந்தப் பேரைத் தேடுங்க. தரமதிப்பீட்டுக்கான காரணத்தை நாலைந்து பக்கத்தில் இலவசமாகப் போட்டிருப்பாங்க. இது பலருக்குத் தெரியாது, ஆனா ஆண்டறிக்கையை விட இதில்தான் பலவீனத்தையும் சேர்த்து எழுதியிருக்கும். மூன்று விஷயம் குறிச்சுக்குங்க: மொத்தக் கடனில் எந்தக் கடன் எவ்வளவு பங்கு, எந்த மாநிலத்தில் எவ்வளவு, ஸ்டேஜ் 3 எத்தனை சதவீதம். தவணை 30 நாள் வரை தாமதமானால் ஸ்டேஜ் 1, அதற்கு மேல் 90 நாள் வரை 2, அதையும் தாண்டினால் 3.

3 ஏக்கர் சம்பாவை இந்தப் பதிலில்தான் வைக்கணும். இப்படி:

"எங்கள் பகுதியில் சம்பா நெல் தை, மாசியில் அறுவடையாகும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைக் காயவைத்து மறுபடி கொண்டுபோக வேண்டும். பணம் கணக்குக்கு வருவது தள்ளிப்போகும். மாதத் தவணை அதற்காகக் காத்திருக்காது. வருமானம் வரும் நாளுக்கும் தவணை நாளுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பார்த்து வளர்ந்ததால் கடன் மதிப்பீட்டு வேலையைத் தேர்ந்தெடுக்கிறேன். உங்கள் டிராக்டர் கடனில் அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை இருப்பதைக் கவனித்தேன்."

கடைசி வரி அந்த நிறுவனம் அப்படிக் கொடுத்தால் மட்டும். இல்லாததை எழுதினால் நேர்காணலில் மாட்டிக்குவீங்க.

குடமுருட்டி:
இரண்டாவது கேள்விக்குப் பொருளாளர் வேலைதான் சரியான சரக்கு. ஆனால் "மன்றத்தைச் சிறப்பாக நடத்தினேன்" என்றால் எதுவும் தெரியாது. ஏதாவது கணக்கு இடித்ததா? தொகை, ஆட்கள் எண்ணிக்கை, என்ன செய்தீர்கள் என்று மட்டும் இங்கே போடுங்கள் தம்பி.

அரசலாறு:
84 பேரிடம் தலைக்கு 300 வசூல். பட்டியலில் எல்லாருக்கும் டிக் இருந்தது, 25,200 இருக்கணும். கையிலும் கணக்கிலும் சேர்த்து 23,700தான் இருந்தது. பார்த்தால், ஸ்கிரீன்ஷாட்டை நம்பி டிக் போட்டதில் மூன்று பரிவர்த்தனை தோல்வி. ஒரே பேர் உள்ள இரண்டு பேருக்கு, அவர்கள் கட்டாமலே டிக் விழுந்திருந்தது. 1,500ம் வாங்கிவிட்டோம்.

குடமுருட்டி:
இதுக்கு மேல என்ன வேணும்? இதற்குப் பேர்தான் வங்கிக் கணக்கு ஒத்திசைவு. தினமும் கிளையில் நடக்கிற வேலை. 250 வார்த்தையைப் பிரிக்கும் முறை: சூழலுக்கு 40, நீங்கள் செய்ததற்கு 150, விளைவுக்கு 40, பிறகு மாற்றிய நடைமுறைக்கு 20. பெரும்பாலோர் சூழலுக்கே 150 செலவழித்துவிட்டு, செய்ததை ஒரு வரியில் முடிக்கிறார்கள்.

செய்ததை வரிசையாக எழுதுங்கள். பட்டியலை ஒரு பக்கமும் வங்கி ஸ்டேட்மென்டை மறுபக்கமும் வைத்து 84 பேரையும் ஒவ்வொருவராக ஒப்பிட்டது. வித்தியாசம் 1,500, தலைக்கு 300 என்பதால் ஐந்து பேர் கணக்கு என்று முதலிலேயே கணித்தது. ரொக்கத்தைத் தனியாக எண்ணியது. ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள யு.டி.ஆர். எண்ணை (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி எண்) ஸ்டேட்மென்டில் தேடியது. அந்த ஐந்து பேரிடமும் எப்படிக் கேட்டீர்கள் என்பதும் ஒரு வரி வேண்டும், வசூல் வேலைக்கு அந்தப் பக்குவம் தேவை. அதற்குப் பிறகு ஸ்டேட்மென்டில் பார்த்தால்தான் டிக் என்று மாற்றியிருந்தால் அதைக் கடைசியில் எழுதுங்கள். மாற்றவில்லை என்றால் எழுத வேண்டாம்.

"நாங்கள்" என்று எழுதிக்கொண்டே போகாதீர்கள். யார் எதைச் செய்தார் என்று பிரித்து, உங்கள் பங்குக்கு "நான்" போடுங்கள். தவறாக டிக் போட்டவர் நீங்களே என்றால் அதையும் சொல்லலாம். பணத்தைக் கையாளும் வேலையில், தவறை மறைக்காதவரைத்தான் தேடுகிறார்கள்.

கொள்ளிடக்கரை:
மூன்றாவது கேள்விதான் இதில் முக்கியமானது. நல்ல குணமா, நாணயமானவரா என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை உங்களுக்குப் பக்கம்தான், அதையே வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு. நேரில் போய் விசாரித்து உண்மையான எண்ணைப் போடுங்கள்.

மாதச் சராசரி விற்பனை 2 லட்சம். பித்தளை, கூலி, மற்ற செலவு 1,60,000. மிச்சம் 40,000. வீட்டுச் செலவு 18,000, ஏற்கெனவே உள்ள நகைக்கடன் வட்டி 2,500. கையில் நிற்பது 19,500. கேட்கும் 3 லட்சத்துக்கு 14 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை சுமார் 10,253. கொடுத்துவிடலாம் போலத் தோன்றும்.

இப்போது ஆடி மாதத்தைப் பாருங்கள். கல்யாணம் இல்லை, விற்பனை பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால் விற்பனை 1 லட்சம், செலவு 80,000, மிச்சம் 20,000. வீட்டுச் செலவும் வட்டியும் 20,500. தவணைக்கு முன்பே 500 ரூபாய் துண்டு விழுகிறது. மார்கழியிலும் இதே கதை. ஆண்டுச் சராசரியில் இது தெரியாது, மாதவாரியாகப் போட்டால்தான் தெரியும். இந்த ஒரு கணக்கை எழுதினாலே நூறு விண்ணப்பத்தில் உங்களுடையது தனியாகத் தெரியும்.

அடுத்தது, பணம் எதற்கு என்று கேளுங்கள். கார்த்திகைக்கு முன் பித்தளை வாங்கி இருப்பு வைக்க என்றால் அவருக்கு வேண்டியது மூன்று வருடக் கடன் இல்லை. விளக்கு விற்றதும் திருப்பிக் கட்டும் நடைமுறை மூலதனக் கடன். கடைசல் இயந்திரம் வாங்க என்றால் மூன்று வருடம் சரி.

ஆவணம்: 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் ரிட்டர்ன், உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு), கடன் வரலாற்று அறிக்கை. ஸ்டேட்மென்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு. தவணை எடுக்கப்போய்க் கணக்கில் பணமில்லாமல் திரும்பிய பதிவு இருக்கிறதா? விண்ணப்பத்துக்கு முந்தைய மாதம் மட்டும் பெரிய தொகை வந்து இரண்டே நாளில் வெளியே போயிருக்கிறதா? பின்னது பெரும்பாலும் இருப்பைக் காட்டுவதற்காகக் கைமாற்றாக வாங்கிப் போட்ட பணம்.

தவணைக் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 3 லட்சத்துக்கு 14 சதவீதம், மூன்று வருடம், வட்டி 1,26,000, கூட்டி 36ஆல் வகுத்தால் 11,833 என்று எழுதுகிறார்கள். அது ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முழு 3 லட்சத்துக்கும் போடும் வட்டி. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் அசல் முறையில் 10,253. மாதம் 1,580 வித்தியாசம். எந்த முறை என்பதைப் பதிலிலேயே குறிப்பிடுங்கள். எக்செலில் தவணையைக் கணக்கிடும் பி.எம்.டி. சூத்திரத்துக்கு வட்டியை 12ஆல் வகுத்துக் கொடுக்க வேண்டும்.

பட்டறைக்குப் பதில் நெல் விவசாயியை எடுத்தால் எச்சரிக்கை. 3 லட்சம் வரை கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடன் 7 சதவீதம், நாளுக்குள் கட்டினால் ஊக்கத்தொகை போக 4 சதவீதம்தான். அதே தேவைக்கு 14 சதவீதம் கொடுக்கிறேன் என்று எழுதினால் சந்தை தெரியவில்லை என்று அர்த்தம். குறுகிய காலப் பயிருக்கு வங்கி கொடுத்த கடன் இரண்டு பயிர்ப் பருவம் தவறினால்தான் வாராக்கடன். மற்றக் கடனுக்கு உள்ள 90 நாள் கணக்கை அதன்மேல் போடக் கூடாது.

வெண்ணாறு:
நாலாவது சுருக்கமா. இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். "2024–25ல் வங்கித் தேர்வுகளுக்குப் படித்தேன், முதனிலை வரை / முதன்மை வரை சென்றேன், கூடவே டேலி" என்று உள்ளதை எழுதினால் முடிந்தது. டெல்டாவில் நிறையப் பட்டதாரிகளுக்கு அந்த வருஷம் இருக்கு, அது குறையே இல்லை.

சம்பளத்துக்கு சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) கணக்குப் போட்டுட்டு எண் எழுதுங்க. ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 721, உங்க பி.எஃப். 1,800 போய் 25,679. அந்த 3.6 லட்சத்திலேயே ஊக்கத்தொகையும் சேர்ந்திருந்தால் மாதா மாதம் வருவது இன்னும் குறையும். சென்னை வாடகையை நினைச்சு எண்ணைப் போடுங்க.

இன்னொன்று, கேள்வியில் இல்லை ஆனா முக்கியம். நிதி நிறுவனங்கள் பல, ஆளை எடுக்கும் முன் அவரோட கடன் வரலாற்றையும் பார்க்கும். கல்விக்கடன் தவணை, கடன் செயலியில் வாங்கின சில்லறைத் தொகை ஏதாவது நிலுவையா? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமா தரணும். இன்றைக்கே எடுத்துப் பாருங்க, தப்பா இருந்தால் அந்தத் தளத்திலேயே திருத்தம் கேளுங்க.

பதில்களை முதலில் நோட்பேடில் எழுதி ஒட்டுங்க. வேர்டிலிருந்து ஒட்டினால் சில படிவங்களில் மேற்கோள் குறியும் ரூபாய்க் குறியும் கேள்விக்குறியா மாறிடும். பெட்டி வார்த்தையை எண்ணுதா, எழுத்தை எண்ணுதா என்றும் பாருங்க, எழுத்தை எண்ணினால் கடைசி வரி சொல்லாமலே வெட்டுப்படும். ஞாயிறு ராத்திரி வரை இழுக்காமல் சனிக்கிழமை மதியமே அனுப்பிடுங்க. அனுப்பும் முன் நாலு பதிலையும் பி.டி.எஃப். எடுத்து வெச்சுக்குங்க. நேர்காணலில் அந்த 1,500 ரூபாயிலிருந்துதான் கேள்வி ஆரம்பிக்கும்.