விடிகாலை, பூஜ்ஜியம் டிகிரி, ஈரச் சாலை: என்னென்ன கவனிக்கணும்?

கேள்வி
முன்சக்கரம் இழுக்கும் கார், மேனுவல் கியர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உண்டு. நான்கும் ஆல் சீசன் டயர், டயரின் வரிப்பள்ளம் 5 மி.மீ. ஆழம் இருக்கு. தினமும் காலை 5 மணிக்குக் கிளம்பணும். குளிர் -2 முதல் +3 டிகிரி வரை. பனி கொட்டவில்லை, சாலை ஈரமாத்தான் தெரியுது. முன்னால் இரண்டு மட்டும் வின்டர் டயர் போட்டால் போதுமா? சறுக்கினால் என்ன செய்யணும்?

பதில் 1
இரண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதுமே வண்டியின் வால் சுற்றிக்கொண்டு போகும். போட்டால் நான்கும் போடுங்கள். பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ சின்னம் இருக்கணும். வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்றிருந்தால் அது போதாது. வரிப்பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். டயரின் காற்றழுத்தத்தை வண்டி எடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். குளிர் 10 டிகிரி கூடினால் சுமார் 2 பிஎஸ்ஐ இறங்கிவிடும்.

பதில் 2
டயரைவிட எனக்குக் கவலை தருவது அந்த '-2 முதல் +3'. -15 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். டேஷ்போர்டு காட்டுவது காற்றின் வெப்பநிலை. +3 காட்டும்போதே தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் கிடந்த சாலை உறைந்திருக்கலாம். பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால்.

முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். சாலை ஈரமாக மின்னுகிறது, ஆனால் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீரே இல்லை, பிளாக் ஐஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம்.

பதில் 3
சறுக்கினால்: ஆக்சிலரேட்டரை விடுங்கள், கிளட்சை மிதியுங்கள், போக வேண்டிய திசையைப் பாருங்கள். வால் வலப்பக்கம் போனால் ஸ்டியரிங்கும் வலப்பக்கம், மெதுவாக. ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே போனால் இன்னும் திருப்பாதீர்கள். கொஞ்சம் தளர்த்தினால்தான் முன் டயர் மறுபடி பிடிக்கும்.

அவசரமாக நிறுத்த பிரேக்கை முழுசாக அழுத்தி அப்படியே வைத்திருங்கள். காலடியில் கடகடவென்று அதிரும், அது ஏபிஎஸ் வேலை செய்வது. பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு. ஆனாலும் ஐஸில் நிற்கும் தூரம் உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்குவரை போகலாம், அதனால் வேகத்தை முன்பே குறைப்பதுதான் வழி. குரூஸ் கண்ட்ரோல் (வேகத்தைத் தானே ஒரே அளவில் வைப்பது) கூடவே கூடாது. இரண்டாம் கியரில் கிளம்பினால் சக்கரம் எளிதில் வெறுமனே சுழலாது.

கேள்வி கேட்டவர்
நன்றி. நான்கும் மாற்றுகிறேன். கண்ணாடி உட்புறம் ஆவி படிந்து மூடிக்கொள்கிறதே, அதற்கு?

பதில் 2
ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்துவிடுங்கள். தரை விரிப்பில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், நிறைய ஈரம் அங்கிருந்துதான் வரும். வெளியே உறைந்திருந்தால் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.