புதுப்பிப்பு: குழந்தைகள் இல்லாமல் அழைப்பது பற்றிக் கேட்டிருந்தேனே

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டபத்தில் 150 பேருக்குத்தான் இடம், நண்பர்களிடம் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது எனப் போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி, அழைப்பிதழில் அதை அச்சடிக்கவில்லை. உறையின் மேல் கணவன், மனைவி இருவர் பெயரை மட்டும் கையால் எழுதினேன். 'குடும்பத்தினர்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அப்புறம் ஒவ்வொருவருக்கும் போன் செய்து காரணத்தையும் சொன்னேன். உண்மையில் கைகொடுத்தது அந்தப் போன்தான். உறையை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பேர் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

ஒரு தோழிக்கு மட்டும் மனம் கோணிவிட்டது. பால் குடிக்கும் பிள்ளையை அவள் எங்கே விட்டுவிட்டு வருவாள்? என் தப்புதான். நேரில் போய் உறையை வாங்கி, குழந்தையின் பெயரையும் அதே பேனாவால் கீழே சேர்த்தேன். வருகிறாள்.

இன்னும் 11 பேர் பதில் சொல்லவில்லை. நாளை கூப்பிட வேண்டும்.