கறுப்பின அருட்சகோதரிகள்: குற்றம் காலத்தினுடையதா, மடங்களுடையதா?

அந்தோணி:
அமெரிக்கக் கன்னியர் மடங்கள் கறுப்பினப் பெண்களை இனவெறியோடு நடத்தின என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பால்டிமோரில் அன்னை மேரி லாங்கே 1829இல் கறுப்பினப் பெண்களைக் கொண்டு தொடங்கிய ஓப்ளேட் சபைக்கு, இரண்டே ஆண்டுகளில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி ஒப்புதல் அளித்தார். அடிமை முறை சட்டமாக இருந்த மேரிலாந்தில் நடந்தது இது. அந்தக் காலத்தின் குற்றத்தைத் திருச்சபையின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

செலின்:
ஒப்புதல் கிடைத்தது உண்மைதான். ஆனால் தனிச் சபை எதற்குத் தேவைப்பட்டது? வெள்ளையர் மடங்கள் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1835இல், குருக்களாகப் போகிறவர்கள் பயிலும் குருமடத்தின் வீட்டு வேலைகளைக் கவனிக்க வரும்படி கேட்கப்பட்டபோது லாங்கே எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். கறுப்பினத்தவராகவும் துறவியராகவும் ஒருசேர இருப்பதன் சங்கடத்தைத் தாங்கள் மறைக்கவில்லை என்றும், செருக்குள்ளவர்களாகத் தோன்றிவிடாமலும், அணிந்திருக்கும் துறவற உடைக்குரிய மரியாதையை இழந்துவிடாமலும் நடந்துகொள்ள விரும்புவதாகவும் அதில் சொல்கிறார். எந்த வெள்ளை அருட்சகோதரிக்கும் இப்படி எழுத நேர்ந்திருக்காது. ஓப்ளேட் சகோதரிகளுக்குத் துணை நின்ற அருட்தந்தை ஷூபேர் 1843இல் இறந்த பிறகு, சபையைக் கலைத்துவிட்டு அவர்கள் வீட்டு வேலைக்குப் போகலாம் என்பதே பேராயர் எக்கிள்ஸ்டனின் எண்ணமாக இருந்தது. 1847இல் அன்வாண்டர் என்ற இளங்குரு பேராயர் முன் மண்டியிட்டுக் கெஞ்சிய பிறகே சபை பிழைத்தது.

அந்தோணி:
ஒரு பேராயரை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் ஹென்றியெட் டெலீல் நிறுவிய திருக்குடும்ப சபையும் கறுப்பினத்தாருடையதே. அங்கே 1869இல் முன்பு அடிமையாக இருந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதால் சபையே பிளவுபட்டது. இதற்கும் வெள்ளையரா காரணம்? பாரபட்சம் மனித பலவீனம். செயின்ட் லூயிஸில் பேராயர் ரிட்டர் 1947இல் கத்தோலிக்கப் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்தபோது, எதிர்த்து வழக்காடத் துணிந்தவர்களைத் திருச்சபையிலிருந்தே விலக்குவேன் என்று எச்சரித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செலின்:
திருக்குடும்ப சபையின் பிளவை நான் மறைக்கப்போவதில்லை. அடிமைச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு அந்த மடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி. ரிட்டரை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. அதே செயின்ட் லூயிஸில், அதற்கு முந்தைய ஆண்டில்தான், ஒரு வெள்ளையர் சபை ஆன்டோனா எபோ உள்ளிட்ட கறுப்பினப் பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு, வெள்ளைப் பெண்களோடு கலக்காமல், புதிதாகச் சேர்பவர்கள் பயிற்சி பெறும் நவதுறவகத்தைத் தனியாக அமைத்து அதில் வைத்தது. பேராயர் ஒருவரால் மாற்ற முடிந்ததை மடத்தால் மாற்ற முடியவில்லை என்றால், காலத்தைக் குறைசொல்வது எப்படிப் பொருந்தும்? அந்த எபோதான் 1965இல் அலபாமா மாநிலத்தின் செல்மாவில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான ஊர்வலத்தில் துறவற உடையோடு முன்வரிசையில் நடந்தார். நாளிதழ்கள் படம்பிடித்துக் கொண்டாடிய அந்த உடையை, அவர் தனி வாசல் வழியாகத்தான் பெற்றார்.

அந்தோணி:
தனி நவதுறவகத்தை நியாயப்படுத்த மாட்டேன். அதை வைத்து எல்லா மடங்களையும் எடைபோடுவதைத்தான் இன்னும் ஏற்கவில்லை.