சீலன்ட் பாட்டில் மட்டும் தனியாகக் கிடைக்குமா? (டர்பன்)

வணக்கம். ஸ்டெப்னி இல்லாத கார். காற்றடிக்கும் கம்ப்ரஸர் நன்றாக ஓடுகிறது, பஞ்சரை அடைக்கும் திரவமான சீலன்ட் பாட்டிலுக்குத்தான் தேதி முடிந்துவிட்டது. கம்ப்ரஸர் மேல் திருகி மாட்டும் 450 மி.லி. பாட்டில் வேண்டும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், எங்கே தனியாக விற்கிறார்கள்? தேதி பார்த்துச் சொல்லுங்கள். கெட்டியாகிப்போன சீலன்ட் வால்விலேயே அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, சீலன்ட் உள்ளே போன டயரைக் கழற்றி, உள்ளே கழுவி, உள்பக்கம் ஒட்டுப்போடும் கடை தெரியுமா? பல கடைகள் அதைத் தொடவே மாட்டேன் என்கின்றன. டயரைத் தூக்கிப்போடு என்பது சுலபமான பதில். ஓட்டை தரையில் படும் நடுப்பட்டையில் 4 மி.மீ.க்குள் இருந்தால், பெரும்பாலும் தேவையில்லாத பதிலும்கூட. பக்கச்சுவர் கிழிந்தால் கதை வேறு, அங்கே சீலன்ட்டே நிற்காது.

பஞ்சரானால் டயரில் குத்திய ஆணியைப் பிடுங்கக் கூடாது என்பது தெரியும். சீலன்ட் வால்வுக்குள் போகும்போது கம்ப்ரஸரின் காற்றழுத்த முள் 6 பார் வரை ஏறி இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். 10 நிமிடத்தில் 1.8 பார் வராவிட்டால் டோ வண்டிதான். வந்துவிட்டால் நிற்காமல் கிளம்ப வேண்டும், சக்கரம் உருண்டால்தான் சீலன்ட் உள்ளே பரவும். 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, 10 நிமிடம் கழித்து அளந்து, 1.3 பாருக்குக் கீழே இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

தெரியாதது ஒன்று: என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உள்ள டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் வலது டயர் போனால், லாரிகள் உரசிப் போகும் பக்கம் குனிய முடியாது. அங்கே இரவில் வரும் நம்பகமான டோ வண்டிக்காரர் யார், என்ன வாங்குகிறார்?