அது தூங்கிய பிறகு சொன்னால் எப்படித் தெரியும்?

கடைசிப்பக்கம்:
‘கெஸ் ஹவ் மச் ஐ லவ் யூ’ என்ற குழந்தைகள் படப் புத்தகத்தை இங்கே எல்லாரும் படித்திருப்பீர்கள். கதையைச் சொல்லப் போவதில்லை. யாருக்கு அன்பு அதிகம் என்று பெரிய முயலோடு போட்டி போட்டு, கையை விரித்து, எம்பிக் குதித்து, ஆற்றையும் மலையையும் தாண்டி, குட்டி முயல் ‘நிலா வரைக்கும்’ என்று சொல்லிக் கண்ணை மூடும் இடம். பெரிய முயல் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ‘நிலா வரைக்கும் போய்த் திரும்பி வரும் அளவுக்கு’ என்று மெதுவாகச் சொல்கிறது. அதைப் படித்ததும் என் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குட்டி முயலின் மூடிய கண்மேல் விரலை வைத்து, “அப்பா, இதுதான் தூங்கிவிட்டதே! தூங்கிய பிறகு சொன்னால் அதற்கு எப்படித் தெரியும்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. 1994இல் வந்த புத்தகம். எத்தனையோ பெற்றோர் நெஞ்சு நிறைந்து மூடிவைத்த பக்கம். அவளுக்கோ அதில் குட்டி முயலுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. இந்த வகைப் புத்தகங்களை நாம் குழந்தைக்காகப் படிக்கிறோமா, நமக்காகவா என்று அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரட்டையரின் அம்மா:
அதே புத்தகம்தான். என் மகனுக்குப் பெரிய முயலின் மேலேயே கோபம். “கை நீளமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் அதுவே ஜெயிக்கிறது. ஒரு தடவையாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டான். அவனுடன் பிறந்தவளோ அதைக் காதிலேயே வாங்கவில்லை, தலைகீழாக நின்று காலைச் சுவரில் நீட்டி, “இவ்வளவு!” என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம்:
நான் எழுத வந்தது ‘லவ் யூ ஃபாரெவர்’ பற்றி. பிள்ளை பிறந்தபோது யாரோ பரிசாகக் கொடுத்தார்கள். கதையில் மகன் வளர்ந்து தனி வீட்டுக்குப் போன பிறகும், அந்த அம்மா காரின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு போய், ஜன்னல் வழியாக நுழைந்து, தூங்குகிற மகனை மடியில் கிடத்தி ஆட்டுவாள். அந்தப் படத்தில் எனக்கு உடம்பு கூசியது. என் பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் என் கைக்குள்தான் என்று சொல்வதா அன்பு? நிமிர்ந்தால், வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கம், எனக்குக் கூச்சம், அவருக்குக் கண்ணீர். அதன் பிறகு நாங்கள் இருவருமே அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பழைய நூலகர்:
மழைக்காலம் அவர்களுக்கு: ஏணியை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் அந்தப் புத்தகம் கைநழுவிப் போய்விடும். அதை எழுதிய ராபர்ட் மன்ஷுக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு குழந்தைகள் இறந்தே பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்காக அவர் மனத்துக்குள் கட்டிய நான்கு வரிப் பாட்டுதான் முதலில் வந்தது. நெடுநாள் அதை வாய்விட்டுப் பாடக்கூட அவரால் முடியவில்லை. கதை பிறகுதான் அதைச் சுற்றி வளர்ந்தது, 1986இல் புத்தகமானது. வளரவே வாய்ப்பில்லாமல் போன பிள்ளையை ஒவ்வொரு வயதிலும் மடியில் வைத்துப் பார்க்கிற ஆசை அது. ஜன்னல் வழியாக ஏறுவது வேவு பார்க்க அல்ல. உங்கள் அம்மா இதையெல்லாம் அறியாமலேயே சரியாகப் படித்திருக்கிறார் என்பேன்.

நூலகக் கதைநேரத்தில் ஒரு தாத்தா இதைப் பேத்திக்குப் படித்துக்கொண்டிருந்தார். மகன் தன் வயதான தாயை மடியில் ஏந்தும் பக்கம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத பேத்தி, கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டைத் தானே சொல்லி அந்தப் பக்கத்தை முடித்துவைத்தாள்.

மழைக்காலம்:
அந்தப் பின்னணி தெரிந்ததும் மனம் கனக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் மடியிலிருந்த குழந்தை பார்த்தது படத்தை மட்டும்தான். பின்னணியை யாரும் அட்டையில் ஒட்டித் தருவதில்லையே.

கோட்டோவியம்:
படம் வரைபவள் என்பதால் மழைக்காலம் பக்கம்தான் நிற்பேன். ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ படித்தபோது நடந்தது இது. முரட்டுத்தனம் செய்ததற்காகச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ், கற்பனையில் பூதங்களின் நாட்டுக்குப் போய்விட்டு அறைக்கே திரும்பி வருகிறான். மேசைமேல் சாப்பாடு இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் படமே இல்லை, அது இன்னும் சூடாக இருந்தது என்று ஒரு வரி மட்டும். கேட்டுக்கொண்டிருந்த பையன் அந்த வெற்றுத் தாளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். புத்தகம் முழுக்க அம்மாவின் முகத்தை மாரிஸ் செண்டாக் காட்டவே இல்லை. 1963இலேயே இப்படிச் செய்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். படிக்கும்போது புத்தகத்தை உங்கள் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், குழந்தையின் கண்மட்டத்தில் பிடியுங்கள். நீங்கள் எழுத்தைப் படிக்கிறீர்கள், அது படத்தைப் படிக்கிறது. உங்களுக்கு ஒரு வரி முடியும் நேரத்தில் அதற்குப் பாதிப் படம்கூட முடிந்திருக்காது. 1942இல் வந்த ‘தி ரன்அவே பன்னி’யை எடுத்துப் பாருங்கள். ஓடிப்போவேன் என்று குட்டி முயலும், தேடி வருவேன் என்று அம்மாவும் பேசும் பக்கங்கள் கறுப்பு வெள்ளை. அடுத்து எழுத்தே இல்லாமல் இரண்டு பக்கமும் நிறையும் வண்ணப்படம். அம்மா எங்கே ஒளிந்திருக்கிறாள், எந்த மரம் அம்மாவின் உருவத்தில் இருக்கிறது என்று குழந்தை அங்கேதான் தேடும். அந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தைத் திருப்பும் உரிமையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அடுத்து என்ன என்று காத்திருப்பதில்தான் படப் புத்தகத்தின் உயிரே இருக்கிறது. முடிந்ததும் ‘உனக்கு என்னை எவ்வளவு பிடிக்கும்?’ என்று கேட்பதையும் தயவுசெய்து விடுங்கள். அது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது.

மழலையர் ஆசிரியை:
காத்திருப்பதில்தான் உயிர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘அவுல் பேபீஸ்’ படிப்பேன். இரவில் மூன்று ஆந்தைக் குஞ்சுகள் விழித்துப் பார்க்கின்றன, அம்மாவைக் காணோம். கடைக்குட்டி ஒவ்வொரு பக்கத்திலும் அம்மா வேண்டும் என்ற ஒன்றையே சொல்கிறது. தாய் வேலைக்காக வெகுதூரம் போயிருந்த ஒரு சிறுவன் வகுப்பில் இருந்தான். முதல் பக்கத்தைத் திறந்ததுமே என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பின்னாலிருந்து புரட்டி, அம்மா ஆந்தை சிறகை விரித்துப் பறந்து வரும் படத்தைக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு திருப்பித் தந்து, “வருகிறாள். இப்போது படியுங்கள், மிஸ்” என்றான்.

கோட்டோவியம் சொல்வது வீட்டில் அம்மா பக்கத்திலேயே இருக்கிற குழந்தைக்குச் சரியாக இருக்கலாம். இந்தப் பையனைப் போன்றவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் இப்போதெல்லாம் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு குழந்தைகூடக் கதை கெட்டுப்போனது என்று சொன்னதில்லை.