மூன்றரை வயது, பேச்சு வரவில்லை: ப்ளே ஸ்கூலா, சிறப்புப் பள்ளியா, தெரபி மட்டும் போதுமா?

திருமங்கலத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு வரும் ஆவணியில் நாலு வயது முடிகிறது. "தண்ணி", "வேணாம்", "பஸ்" என்று ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடித்தால் வாசலுக்கு ஓடுவான். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்கப்பனும் அப்படித்தான்" என்று அத்தை சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் போய்விட்டது. போன மாதம் மதுரையில் டாக்டர் பார்த்து ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்.

இங்கேயே ஒரு ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். ஐந்தாவது நாளே, மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறான், பேச ஆரம்பித்த பிறகு கூட்டி வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இப்போது ஒருவர் மதுரையில் சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார், வேன் வீட்டு வாசலுக்கே வரும், காலை 9 முதல் மூன்றரை வரை. இன்னொருவர், அங்கே போட்டால் இன்னும் பின்னால் போய்விடுவான், தெரபி சென்டர் போதும் என்கிறார். அங்கே 45 நிமிஷத்துக்கு 500 ரூபாய், வாரத்துக்கு ஐந்து நாள். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், மாதம் பத்தாயிரத்துக்கு மேல் அதற்கே எடுத்து வைக்க முடியாது. எதை எடுப்பது? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

புதூர் அக்கா:
தங்கச்சி, என் மகளுக்கு இப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீ எழுதியதைப் படிக்கும்போது நான் எழுதியது மாதிரியே இருந்தது.

எதில் சேர்ப்பது என்பதற்கு முன்னால் ஒன்று: காது சோதனை செய்துவிட்டீர்களா? ஐஸ் வண்டி மணி கேட்கிறதே என்று விட்டுவிடாதே. சில சத்தம் கேட்டு, பேச்சுச் சத்தம் சரியாகக் கேட்காத பிள்ளைகளும் உண்டு. பெரா என்று ஒரு சோதனை, பிள்ளை தூங்கும்போது எடுப்பார்கள். காதில் குறை இருந்தால் அதற்கு வழியே வேறு, காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) தேவைப்பட்டால் ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள், அதனால் தள்ளிப்போடக் கூடாது. கோரிப்பாளையம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனைதான்) மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி, பிசியோ, உளவியல் எல்லாம் ஒரே இடத்தில், காசு கிடையாது. நான் அங்கே போனதே மகளுக்கு நாலரை வயதில்தான். அதற்குள் வெளியே எவ்வளவோ கொட்டிவிட்டேன்.

கொட்டியதைச் சொல்கிறேன், உனக்கு உதவும். முதலில் போன சென்டரில் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "நல்லா பண்றா மேடம்" என்பார்கள். ஐந்து மாதம். கடைசியில் ஆட்டோ அந்தத் தெருவுக்குள் திரும்பினாலே அலற ஆரம்பித்தாள், அப்போதுதான் நிறுத்தினேன். அடுத்து ஆஸ்பத்திரியில் வந்த தெரபிஸ்ட் முதல் நாளே என்னையும் தரையில் உட்கார வைத்தார். பணியாரம் இவளுக்கு உயிர் என்று தெரிந்ததும், கண்ணுக்குத் தெரியும் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி அவள் முன்னால் வைக்கச் சொன்னார். திறக்க முடியாமல் அவள் என் கையைப் பிடித்து இழுப்பாள், உடனே கொடுக்காமல் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு "திற" என்று சொல்லி ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நாலாவது வாரம் "தி" என்றாள். அந்த "தி"க்கு நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். இதை வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்ய முடியும், 45 நிமிஷ சென்டரில் முடியாது. அதனால் அம்மாவை உள்ளே விடாத இடம் எதுவானாலும் வேண்டாம் என்பேன். முழுநேரச் சிறப்புப் பள்ளியும் இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம், பேசுகிற பிள்ளைகளோடு கொஞ்ச நேரமாவது இருக்கட்டும்.

சிறப்பாசிரியர், மேலூர்:
வணக்கம்மா. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக 14 வருஷம் வேலை பார்க்கிறேன். அக்கா சொன்ன காது சோதனை முதலில் முடியட்டும்.

பணம்தான் கவலை என்றால் அங்கன்வாடியை யாரும் சொல்லவில்லையே. 2 வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், தெருப் பிள்ளைகள் இவனுக்குப் பழக்கம். முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரம் மட்டும், நீங்களும் கூடவே இருங்கள், பிறகு நேரத்தைக் கூட்டலாம். கூட்டம், சத்தம் தாங்காத பிள்ளையை முதல் நாளே நாலு மணி நேரம் விட்டால் எந்த இடமும் தோற்றுப்போகும். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பிரிவு, அதில் என்னைப் போலச் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருப்போம். வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறோம்.

தனியார் சென்டர் பார்த்தால், பயிற்சி தருபவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், படித்தவர் உடனே காட்டுவார். "ஆறு மாதத்தில் பேச வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் காசு கட்டாதீர்கள்.

அடுத்த வருஷம் எல்.கே.ஜி.க்குத் தனியார் பள்ளி யோசித்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு மாற்றுத்திறனாளிக் குழந்தை சிறப்புப் பிரிவில் வருவான், வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். அறிவிப்பு வரும்போது மாற்றுத்திறனாளிச் சான்று கையில் இருக்க வேண்டும், அதனால் அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி, குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

உசிலம்பட்டி அப்பா:
புதூர் அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பையனுக்கு மூளை முடக்குவாதம், கூடவே அறிவு வளர்ச்சிக் குறைபாடும். சிறப்புப் பள்ளி என்றாலே ஊரில் என்ன சொல்வார்கள் என்று பயந்து இரண்டு வருஷம் சாதாரணப் பள்ளியில் ஃபீஸ் கட்டினேன். ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன், கடைசி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், யாரும் அவனோடு பேசவில்லை. மறுவாரமே சிறப்புப் பள்ளிக்கு மாற்றினேன். பத்து மாதத்தில் தானே கையால் சாப்பிடவும், பாத்ரூம் போக வேண்டும் என்று சைகை காட்டவும் கற்றுக்கொண்டான். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வைக்க முடியாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி கிடையாது தங்கச்சி. போர்டில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, உள்ளே அவன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், அவன் அழுதால் என்ன செய்கிறார்கள் என்று ஒரு காலை நேரம் முழுக்க இருந்து பார்.

சான்று வந்ததும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடு. ஆட்டிசத்துக்கும் உண்டு, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவையும் அதில் கேட்கலாம். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை.

திருமங்கலத்துக்காரி:
மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காது சோதனை இன்னும் எடுக்கவில்லை அக்கா, யாரும் சொல்லவே இல்லை. செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், உங்கள் பதிலை வாசித்துக் காட்டிய பிறகு அத்தையும் வருகிறேன் என்கிறார். அங்கன்வாடி டீச்சரிடம் நேற்றே பேசிவிட்டேன், "கூட்டிட்டு வாம்மா, முதல்ல பழகட்டும்" என்றார். அண்ணன் சொன்னபடி அந்தச் சிறப்புப் பள்ளியையும் ஒரு காலை போய் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்தச் சோதனைக்கு இவன் எப்படித் தூங்குவான்? வீட்டிலேயே பகலில் தூங்க மாட்டான், ஆனால் பஸ்ஸில் ஏறினால் அஞ்சே நிமிஷம்.

புதூர் அக்கா:
அன்றைக்கே எடுப்பார்களா, வேறு தேதி தருவார்களா என்று போனதும் கேட்டுக்கொள். எடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி நேரம் கழித்துத் தூங்க வை, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடு. பஸ்ஸில் மட்டும் தூங்க விடாதே, அங்கேயே தூங்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் முழித்துக்கொண்டு இருப்பான். ஜன்னல் சீட்டில் உட்கார வைத்து எதிரே வருகிற பஸ்ஸை எல்லாம் காட்டிக்கொண்டே வா, அந்தச் சொல்தான் அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறதே.