மெயின் கோச்சா இருந்திராதவரை எடுக்கலாமா?

ராயபுரம்: எங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு ஒருத்தர் விண்ணப்பிச்சிருக்கார். பாட்டியாலா என்.ஐ.எஸ்.ல (தேசிய விளையாட்டு நிறுவனம்) வாங்கின கோச்சிங் டிப்ளமோ இருக்கு, ஆனா அசிஸ்டென்ட் கோச்சாத்தான் இருந்திருக்கார். எடுக்கலாமா?

வியாசர்பாடி: தாராளமா. முதல்ல 1 மணி நேரம் நம்ம பசங்களுக்கே பிராக்டிஸ் நடத்தச் சொல்லுங்க. பசங்க வரிசையில சும்மாவே நின்னா திட்டம் போட வரலன்னு அர்த்தம். அப்புறம் ஒரு மேட்ச்சை அவரையே நடத்த விட்டுப் பாருங்க. அசிஸ்டென்ட் யோசனை சொல்லிப் பழகினவர், முடிவெடுத்து இல்ல. சறுக்குறது அங்கதான்: ஆட்டத்தை நிறுத்தி டீமோட பேசுற டைம் அவுட் இரண்டாம் பாதிக்கு 3தான், பதற்றத்துல சீக்கிரமே தீர்த்துடுவாங்க. 4 ஃபவுல் வாங்கின (5 ஆனா வெளியே போகணும்) முக்கியமான பையனை எப்போ திரும்ப இறக்குவீங்கன்னும் கேளுங்க.

கொருக்குப்பேட்டை: டீம் செலக்‌ஷன் யார் கையிலன்னு பி.டி. சார்கிட்ட பேசி எழுத்துல வாங்கிடுங்க. புதுசா வர்றவருக்கு அது ரொம்ப அவசியம்.